‘மரக்கறி’ என்று நீ பெயர் வைத்த பெட்டி

என் ரதி மச்சாளுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிரூ நலமாக இருக்கிறான். மண்மேடு இறங்கவில்லை. வீடு நிற்கிறது, கிணறு நிற்கிறது, அவனும் நிற்கிறான். கொஞ்சம் கறுத்து, தாடி வைத்து, முன்னையைவிட மெலிந்திருக்கிறான், அவ்வளவுதான்.

கடிதம் என்றால் சுகம் விசாரித்துவிட்டுத்தான் செய்திக்கு வர வேண்டும். உனக்கு அப்படி எழுதினால், அந்த நான்கு வரியைத் தாண்டுவதற்குள் உன் நெஞ்சு என்ன பாடுபடும் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால் இந்தத் தடவை தலைகீழாகத் தொடங்குகிறேன். மூச்சை விடு மச்சாள். நானும் விடுகிறேன்.

உன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஒன்பது நாளாகிறது. வெள்ளவத்தையில் அதே மூன்றாம் மாடியில், நீ வந்தால் உட்காரும் ஜன்னலோரக் கதிரைக்கு எதிரே இருந்து எழுதுகிறேன். கீழே ரயில் போகிறது. இதை உன்னைத் தவிர வேறு ஆட்களும் வாசிக்கப் போகிறார்கள். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. கோபிக்காதே.

ஐந்து வருடத்துக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து தொடங்க வேண்டும். என் தம்பி, அதாவது உன் புருஷன், கொட்டாஞ்சேனையில் மின்சாமான் கடை வைத்திருப்பவன். உங்களுக்கு இருப்பது நிரூ ஒருத்தன். கொம்பியூட்டர் படித்து முடித்திருந்தான். இனிக் கடைக்குத்தான் வருவான் என்று தம்பி பெயர்ப்பலகையில் ‘அன் சன்’ என்று சேர்த்து எழுதக்கூட ஆள் பார்த்து வைத்திருந்தான். அன்றைக்குப் பார்த்து நிரூ சொன்னான், தானும் சமன் என்கிற கூட்டாளியும் மலைநாட்டில் வெலிமடையில் காணி எடுத்து மரக்கறி பயிரிடப் போவதாக.

“படிச்சது கொம்பியூட்டர், நடப் போறது போஞ்சியோ?” என்று தம்பி கேட்டான். முதலில் பகிடியாகத்தான் கேட்டான். பிறகு அது பகிடியாக இருக்கவில்லை. நானும் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். உன் குசினி வாசலில் அப்பளத் தட்டோடு நின்றேன். அப்பனும் மகனும் சொல்லக்கூடாததை எல்லாம் சொல்லி முடித்தபோது அப்பளம் நமத்துப் போயிருந்தது.

நிரூ ஒரு பையோடு படி இறங்கிப் போனான். தம்பி உன் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தான். “அவனுக்குப் போன் எடுக்கமாட்டன், கடிதம் எழுதமாட்டன், தேடிப் போகமாட்டன் எண்டு சொல்லு.” நீ சொன்னாய். மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னாய். எங்கள் ஆட்களுக்குத் தலையில் கைவைத்துச் செய்கிற சத்தியம் வெறும் பேச்சு இல்லை. முறித்தால் அது அந்தத் தலைக்கு வந்து விடியும். தம்பிக்கு ஏற்கெனவே பிரஷரும் சீனியும். நீ பயந்தாய். அதற்குப் பிறகு நிரூ மூன்று கிழமை உனக்கு அடித்துப் பார்த்தான். போன் அடிக்க அடிக்க நீ பார்த்துக்கொண்டே இருந்தாயாம். பிறகு அவனும் விளங்கிக்கொண்டு நிறுத்திவிட்டான். நம்பரையும் மாற்றிவிட்டான்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கையை யாரும் எந்தத் தலையிலும் வைக்கவில்லை. பாடசாலையில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள், என் மருமகன் எங்கே இருக்கிறான் என்று ஒரு நாள் தேடினேனா? ஒரு மாதத்தில் தானாகச் சரிவரும் என்று நினைத்தேன். பிறகு ஆறு மாதத்தில். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன். சோம்பலும், தம்பியோடு முகம் முறிக்கிற பயமும்தான் காரணம். வேறு சாட்டுச் சொல்ல என்னிடம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை நீ கோயிலுக்குப் போய்விட்டு இங்கே வந்தாய், ஞாபகமா? கீழே கடையில் வாங்கின ரோல்ஸை இரண்டாகப் பிய்த்து எனக்குப் பெரிய பாதியைத் தந்தாய். “பொடியன்ரை ஒரு விசயமும் தெரியாதோ ரதி?” என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

“நான் தேடிப் போகேல்லை மச்சாள். தானா வந்தால் நான் என்ன செய்யிறது?”

கனவில் வருகிறானாக்கும் என்று நினைத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

பிறகு உன் வருத்தம். களுபோவில ஆஸ்பத்திரியில் உனக்குப் பக்கத்தில் நான் இருந்த நாட்களில் நீ என்னிடம் கேட்டது ஒரேயொரு உதவிதான். பெரிய போன் மாதிரி இருக்கிற உன் பழைய டாப்பைத் தலையணைக்குக் கீழே இருந்து எடுத்துத் தந்து, “சார்ஜ் இறங்கவிடாதையுங்கோ மச்சாள். ஓஃப் ஆகக் கூடாது” என்றாய். வார்ட்டில் செருகுவதற்கு இடம் தேடி அலைந்தேன். அங்கே வேலை செய்த சிங்களப் பெண் பிள்ளை, “டிக்கக் விதரய் அம்மே” என்று, கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே இடம் காட்டினாள். நீ அதை வாங்கி ஒரு தரம் பார்ப்பாய், திரும்பத் தலையணைக்குக் கீழே வைப்பாய். அரை மணித்தியாலத்தில் மறுபடி எடுப்பாய்.

“இந்த நேரத்திலையும் சீரியலோ?” என்று உன்னை ஏசினேன்.

நீ மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அந்த முதுகு இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மன்னித்துக்கொள் என்று எழுத இவ்வளவு நாள் எடுத்தது.

நீ போன பிறகு ஆஸ்பத்திரிப் பை என் வீட்டுக்கு வந்தது. டாப்பை எடுத்து ஜன்னலோரத்தில் செருகி வைத்தேன். ஏன் என்று என்னையே கேட்கவில்லை. நீ சொன்ன வேலை, செய்தேன். அதைத் திறந்து பார்க்கவும் இல்லை.

திறக்க வைத்தது உன் நினைவு மலர். முப்பத்தோராம் நாளுக்கு வருகிற ஆட்களுக்குக் கொடுக்க மலர் அடிக்காவிட்டால் எங்கள் சனம் விடுமா? “அக்கா, நீங்கள்தான் எழுதோணும்” என்று தம்பி சொல்லிவிட்டான். வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், நன்றி நவிலல் எல்லாம் எழுதிவிட்டேன். வம்சாவளிப் பக்கத்தை மட்டும் தம்பி தானே எழுதி அனுப்பியிருந்தான். உன் தாய் தகப்பன், அவன் தாய் தகப்பன், சகோதரங்கள் எல்லோரும் இருந்தார்கள். ‘மகன்’ என்று எழுதி, அதற்கு மேலே பேனையால் ஒரு கோடு இழுத்திருந்தான். தாளே கிழிகிற அளவுக்கு அழுத்தி இழுத்த கோடு.

இருபத்தேழாம் நாள். அச்சகத்துக்காரர் அட்டைக்கு நல்ல படம் இல்லை என்று காலையிலேயே போன் எடுத்தார். உன் டாப்பில் இருக்கலாம் என்று திறந்தேன். படம் கிடைத்தது, சிவப்புச் சேலையில் சிரிக்கிற படம். அதோடு மூடியிருக்கலாம். ஆனால் முன்பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் அடையாளம் இருந்தது. அதன் மேல் விரல் பட்டுத் திறந்துகொண்டது.

அது என்ன என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். வீட்டில் இருந்த காலத்தில் நிரூதான் உனக்கு அதைப் போட்டுத் தந்தவன். ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்பான், செய்தியோடை என்று நான் தமிழில் திருத்துவேன். ஒவ்வொரு இணையத்தளமாகப் போய்ப் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை. ஒரு தரம் சேர்த்துவிட்டால், அந்தத் தளத்தில் புதிதாக எழுதுவது எல்லாம் இங்கே வந்து நிற்கும், பேப்பர்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போவதைப் போல. யார் வாசிக்கிறார் என்று எழுதுகிறவனுக்குத் தெரியவராது. பார்த்துவிட்டார் என்று காட்டுகிற நீலக் கோடும் இல்லை.

உள்ளே மூன்று பெட்டி வைத்திருந்தாய். ‘சமையல்’, ‘கோயில்’, ‘மரக்கறி’. உன் பூசணிக்காய்க் கறியின் பக்குவம் எங்கேயாவது இருக்குமா என்று ‘மரக்கறி’யைத் திறந்தேன்.

பூசணிக்காய் இல்லை மச்சாள். நிரூ இருந்தான்.

படிக்கிற காலத்தில் அவன் கொம்பியூட்டரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அந்தத் தளம்தான். அவனுக்குத் தெரியாமல் அப்போதே நீ சேர்த்து வைத்திருக்கிறாய். சண்டைக்கு முந்தி, சத்தியத்துக்கு முந்தி. அவன் வெலிமடைக்குப் போனான். எழுத்தும் கொம்பியூட்டரில் இருந்து போஞ்சிக்கு மாறியது. உனக்கு அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. அட்டை கடித்த கதை, சமன்ரை அம்மா இவனுக்குப் பலாக்காய் வெட்டப் பழக்கின கதை, லீக்ஸ் பயிர் முழுக்கப் பழுதாகி இரண்டு பேரும் ஒரு மாதம் சோறும் சம்பலும் சாப்பிட்ட கதை. உன் கத்தரிக்காய்ப் பால்கறியை நினைவில் வைத்துச் சமைத்துப் பார்த்து, நாலாம் தரமும் சரிவரவில்லை என்று ஒரு தரம் எழுதியிருந்தான். அதை மட்டும் நீ நட்சத்திரம் குத்தி வைத்திருந்தாய். தம்பி திறக்கவே மாட்டான் என்று தெரிந்துதான் ‘மரக்கறி’ என்று பெயர் வைத்திருக்கிறாய், கள்ளி.

தானா வந்தால் நான் என்ன செய்யிறது என்று நீ கேட்டதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன் எடுக்கவில்லை, எழுதவில்லை, தேடிப் போகவில்லை. வந்ததை வாசித்தாய். வாசிக்க மாட்டேன் என்று யாரும் உன்னிடம் சத்தியம் வாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். அழுகையும் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரியா நீ?

பிறகு மேலே போய்க் கடைசியாக வந்ததைப் பார்த்தேன். ‘மழை விடவில்லை’ என்று தலைப்பு. ஆறு நாளாக மழை, பின்பக்கத்து மண்மேட்டில் வெடிப்பு ஒன்று தெரிகிறது, இரவில் கல் உருளுகிற சத்தம் கேட்கிறது, விடிந்ததும் சாமான்களை முன்னறைக்கு மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நாளைப் பார்த்தேன். ஏழு மாதத்துக்கு முந்தியது.

ஏழு மாதம் மச்சாள். நீ மெலியத் தொடங்கியது, சாப்பாடு இறங்கவில்லை என்றது, ஆஸ்பத்திரிக்குப் போனது, எல்லாம் அந்த ஏழு மாதத்துக்குள்தான். நோய் நோய்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரை மணிக்கொரு தரம் தலையணைக்குக் கீழே இருந்து நீ எடுத்துப் பார்த்தது இந்த ஒரு பக்கத்தை. பிள்ளை மண்ணுக்குள் போய்விட்டானோ என்று ஒருத்தரையும் கேட்க முடியாமல், சொல்லவும் முடியாமல். நான் சீரியல் என்றேன்.

அந்தத் தலைப்பைத் தொட்டால் அவனுடைய தளத்துக்கே போகும். என் விரல் அதன் மேல் நின்றது. உன் விரலும் எத்தனை தரம் அதே இடத்தில் நின்றிருக்கும்? தொட்டால் அது தேடிப் போவது. வருவதை வாசிப்பதற்கும் போய்ப் பார்ப்பதற்கும் நடுவில் நீ ஒரு கோடு கீறி வைத்திருந்தாய். தம்பியின் தலைக்காக அந்தக் கோட்டை நீ கடைசி வரைக்கும் தாண்டவில்லை.

சத்தியம் பண்ணியது நீ. நான் இல்லை. தொட்டேன்.

பக்கம் திறந்தது. உச்சியில் ஒரு வரி: இந்தத் தளம் இப்போது வேறு முகவரியில் இயங்குகிறது. கீழே புது முகவரி. அதையும் தொட்டேன். முதலில் தெரிந்தது ஒரு போஞ்சிப் பந்தலின் படம், பந்தலுக்குக் கீழே சேறு அப்பின சப்பாத்து இரண்டு. நாலு நாளைக்கு முந்தி எழுதியது. இந்தப் போகம் நல்ல காய் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே போன மாதத்தது, அதற்கும் கீழே, அதற்கும் கீழே. ஒரு மாதம்கூட எழுதாமல் விடவில்லை.

மேசையில் தலையை வைத்துச் சத்தமாக அழுதேன். எழும்பித் தேத்தண்ணி போட்டேன். சீனியை இரண்டு தரம் போட்டுவிட்டு அதையும் குடித்தேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கினது போல இருந்தது, அந்தக் கல் அங்கே இருந்தது அரை மணித்தியாலம்தான். உனக்குக் கடைசி ஆறு மாதம். அதை நினைத்ததும் உன் மேல் கோபம் வந்தது. ஒரே ஒரு தட்டு மச்சாள்! ஒரு விரல்! அல்லது என்னிடம் ஒரு சொல். நான் தட்டியிருப்பேனே. ஏன் கேட்கவில்லை? என்னிடம் கேட்பதும் தேடுவதுதான் என்று நினைத்தாயா?

புதுத் தளத்தின் அடியில் அவனுடைய மின்னஞ்சல் இருந்தது. மூன்று தரம் எழுதி அழித்தேன். இப்படிப்பட்ட விஷயத்தை எழுத்தில் சொல்லக்கூடாது. ‘நான் வெள்ளவத்தை மாமி. உடனே எடு’ என்று மட்டும் எழுதி என் நம்பரைப் போட்டேன். பத்து நிமிடத்தில் போன் அடித்தது.

“மாமி?” என்றான். பிறகு ஒரு மூச்சு. “அம்மாவோ?”

“ஓம் மோனே.”

எங்கேயோ தண்ணீர் குழாயில் பாய்கிற சத்தம் கேட்டது. அது நின்றது. “எப்ப?” என்று கேட்டான். இருபத்தேழு நாள் என்றேன். வருத்தம் என்ன என்று சொன்னேன். கொள்ளி வைத்தது அப்பா என்று சொன்னேன்.

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே மாமி.”

“உன்ரை நம்பர் ஒருத்தரிட்டையும் இல்லையடா. தேடியிருக்கலாம். நான் தேடேல்லை. பிழை என்னிலைதான்.”

அவன் அழுது முடியும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில், “நான் வரலாமோ?” என்று கேட்டான். சொந்த வீட்டுக்கு வர அனுமதி கேட்கிற பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல? வெளிக்கிட்டு இரு, நாளைக்கு அப்பாவோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் காலையில் டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழியெல்லாம் மனதுக்குள் வசனம் அடுக்கினேன். தம்பி கடைக்கு மேலே வீட்டில் தனியாக இருந்தான். அடுக்கின வசனம் ஒன்றும் வரவில்லை. ‘மரக்கறி’யைத் திறந்து அவன் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டு ஒரு பக்கம் வாசித்தான். முகம் சிவந்தது. “அப்ப அவள் சத்தியத்தை முறிச்சவளோ அக்கா?”

இதற்காகத்தான் நான் போனேன் மச்சாள். நிரூவுக்காக மட்டும் இல்லை. நீ சொல் தவறினவள் என்று ஒரு நிமிடமும் அவன் நினைக்கக்கூடாது.

“அவள் போன் எடுத்தவளோ? இல்லை. கடிதம் எழுதினவளோ? இல்லை. தேடிப் போனவளோ? அதுவும் இல்லை. இது பேப்பர் மாதிரி வந்து விழுந்தது. நீ கையைப் பிடிச்சு வைக்கிறதுக்கு முந்தியே வரத் தொடங்கினது. உன்ரை தலையிலை மிஞ்சிக் கிடக்கிற நாலு மயிரும் பத்திரமாத்தான் கிடக்கு. வாசி.”

வாசித்தான். ‘மழை விடவில்லை’ வரைக்கும் வந்தான். அப்போது நான் ஒரு கெட்ட வேலை செய்தேன், உனக்குச் சொல்லாமல் இருக்க மாட்டேன். புது முகவரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. நீ ஆறு மாதம் பட்டதை அவன் ஒரு நிமிடமாவது படட்டும் என்று நினைத்தேன்.

“இதுக்குப் பிறகு?” என்று கேட்டான்.

“இதுக்குப் பிறகு அதிலை ஒண்டும் வரேல்லை.”

அவன் கை மேசை விளிம்பைப் பிடித்தது. “ஒண்டுமோ?” என்றான். குரல் எங்கள் அப்பாவின் கடைசிக் காலத்துக் குரலைப் போல இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “டேய், இருக்கிறான். நேற்றுக் கதைச்சனான். நல்லா இருக்கிறான். போஞ்சி காய்ச்சிருக்காம்” என்று கத்திவிட்டேன்.

தம்பி கதிரையில் உட்கார்ந்தான். பிறகு “போஞ்சி” என்றான். அதே சொல். ஆனால் அன்றைக்குச் சொன்ன மாதிரி இல்லை. எழும்பி அச்சகத்துக்குப் போன் எடுத்தான். “ஐயா, வம்சாவளிப் பக்கத்திலை ஒரு கோடு கிடக்கெல்லோ? அது கை தவறிக் கீறுபட்டது. மகன் எண்ட இடத்திலை பேரைப் போடுங்கோ. நிரூபன். ஓம், முழுப் பேரையும் போடுங்கோ.”

கை தவறிக் கீறுபட்டதாம். நான் திருத்தப் போகவில்லை.

நிரூ அடுத்த நாள் பின்னேரம் வந்து இறங்கினான். ஒரு சாக்கு உருளைக்கிழங்கு, ஒரு சாக்கு போஞ்சி. அவனை வாசலில் கண்டதும் தம்பி எழும்பினான், இரண்டு அடி வைத்தான், நின்றான். கீழே பார்த்தான். “சப்பாத்தை வெளியிலை கழட்டு. முழுக்க மண்” என்றான். நிரூ கழட்டினான். தம்பி குனிந்து அதை எடுத்துத் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அது போதும். உனக்கும் போதும் என்று நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை எல்லாம் அவன்தான் செய்தான். ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது உன் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஐயரைக் காத்திருக்க வைத்தான். வந்த சனத்துக்கு அவன் கொண்டுவந்த போஞ்சியில்தான் கறி. நன்றாக இருந்தது என்று உன் எதிர்வீட்டு அம்மா இரண்டாம் தரம் வாங்கினா.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு டாப்பை அவனிடம் கொடுத்தேன். “ஏன் இதுக்குள்ளை பிறகு ஒண்டும் வரேல்லை எண்டு பார்” என்றேன். அவன் ‘மரக்கறி’யைத் திறந்தான். கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தான்.

“மாமி, இது அம்மாவோ?”

என்ன என்று கேட்டேன். சொன்னான். தளத்தை மாற்றும்போது பழைய ஓடையைப் புதியதோடு இணைத்துவிட்டிருக்க வேண்டுமாம். ஒரு சின்ன வேலை. ஆனால் பழையதை எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று பார்த்தபோது, கொழும்பில் இருந்து ஒரேயொரு கருவி மட்டும் நாள் முழுக்க வந்து, புதிதாக ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம். பெயர் இல்லை, ஊர் மட்டும்தான் தெரியும்.

“ஏதோ மெஷின் எண்டு நினைச்சன் மாமி. ஒரே ஒரு ஆளுக்கு எண்டு ஏன் மினக்கெடுவான் எண்டு விட்டிட்டன்.”

அவனுக்கு என்ன சொல்வது மச்சாள்? உனக்குத் தெரியாதடா என்றேன். அவள் உன்னைக் கோபிக்கமாட்டாள் என்றேன். அது உண்மைதானே? இவ்வளவு நாளும் வாசலில் நின்று தட்டினது அம்மாதான் என்று தெரிந்தது அவனைச் சுட்டது. ஆனால் அம்மா தன்னைக் கைவிடவில்லை என்பதும் அதே நேரத்தில்தான் தெரிந்தது. அழுதுகொண்டே சிரித்தான். “அஞ்சு வருசமும் வாசிச்சவவோ? பால்கறியையுமோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நட்சத்திரத்தைக் காட்டினேன்.

பிறகு தன் போனை எடுத்து, விட்டுப்போன அந்தச் சின்ன வேலையைச் செய்தான். கால் மணித்தியாலம் போனது. டாப்பைக் கீழ்நோக்கி இழுத்துவிட்டான். ஒரு வட்டம் சுற்றியது. ‘மழை விடவில்லை’க்கு மேலே ஒன்று வந்து விழுந்தது: ‘மழை விட்டது’. அதற்கு மேலே இன்னொன்று. மளமளவென்று பத்தொன்பது வந்து நின்றன, எல்லாம் இன்னும் வாசிக்காதவை என்று தடித்த எழுத்தில்.

தம்பி எங்களுக்குப் பின்னால் கண்ணாடி தேடுகிற சாட்டில் நின்றான். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. “அக்கா, இது என்ரை போனிலையும் வருமோ?” என்று என்னைக் கேட்டான், மகன் பக்கத்தில் இருக்க.

“ஏன், நீயே அந்தத் தளத்துக்குப் போய்ப் பாரன்” என்றேன் வேண்டுமென்று.

“நான் ஒண்டும் தேடிப் போகமாட்டன்” என்றான் தம்பி. “தானா வந்தால் பாப்பம்.”

அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ ரோல்ஸ் பிய்த்துக்கொண்டு சொன்னதை அவன் கேட்டதே இல்லை. அதே சொல்லை எங்கே இருந்து எடுத்தான்? நிரூ கையை நீட்டினான். தம்பி போனைக் கொடுத்தான். இரண்டு பேரின் தலையும் அந்தச் சின்னத் திரைக்கு மேலே கிட்டக் கிட்ட இருந்தன. நான் குசினிக்குள் போய்விட்டேன்.

நிரூ திரும்பிப் போய்விட்டான், பயிர் காத்திருக்கிறதாம். அடுத்த மாதம் வருகிறான். தம்பி வெலிமடைக்குப் போவதாக இன்னும் சொல்லவில்லை. ஆனால் அங்கே குளிருமா என்று நேற்று என்னைக் கேட்டான்.

இந்தக் கடிதத்தை நிரூவின் தளத்தில்தான் போடச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் மற்ற ஆட்களும் வாசிப்பார்கள் என்றேன். அவன் சொல்கிறான், இப்போது கொழும்பில் இருந்து மூன்று பேர் வந்து பார்க்கிறார்களாம். ஒன்று அவன் அப்பா. ஒன்று நான். மற்றது ஜன்னலோரத்தில் செருகியிருக்கிற உன் டாப். அதை ஓஃப் ஆக விடமாட்டேன், நீ கேட்ட அந்த ஒரு உதவியை நான் இருக்கும்வரை செய்வேன். இதுவும் ‘மரக்கறி’ப் பெட்டிக்குள் தடித்த எழுத்தில் வந்து நிற்கும். உன் கோட்டை நீ தாண்டத் தேவையில்லை மச்சாள், தானாக வரும்.

தேடிப் போகிற வேலை இனி என்னுடையது. அவன் இரண்டு கிழமை எழுதாவிட்டால் நான் பஸ் ஏறுவேன். இது என் தலையில் கைவைத்து உனக்குச் செய்கிற சத்தியம்.

உன் பெரிய பாதி ரோல்ஸைத் தின்றுவிட்டு ஒன்றும் விளங்காமல் இருந்த,
வெள்ளவத்தை மச்சாள்.